சிங்கப்பூரிலிருந்து ஊரில் மனை வாங்கும் முன்: இடம் வீடு கட்ட ஏற்றதா என்று பார்ப்பது எப்படி

சிங்கப்பூரில் ஒரு நிலம் யாருடையது என்பதற்கு அரசின் பதிவேடே உறுதி. இந்த ஏற்பாட்டுக்கு டோரன்ஸ் முறை என்று பெயர். மழைநீர் எங்கே வடிய வேண்டும், கட்டடத்தின் தரைமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எந்தத் தெரு அகலமாகப் போகிறது என்பதையெல்லாம் பொதுப் பயனீட்டுக் கழகம், நகர மறுசீரமைப்பு ஆணையம், நிலப் போக்குவரத்து ஆணையம் ஆகியவை முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருபது ஆண்டுகள் குடியிருந்தவர்கூட, தன் காலடியில் என்ன மண் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார். யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை.

தமிழ்நாட்டில் மனை வாங்கும்போது அந்த வேலை முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது பத்திரம்தான். விற்றவருக்கு விற்க உரிமை இருந்தது என்று அந்த அலுவலகம் உறுதி சொல்வதில்லை. அங்கே தண்ணீர் நிற்குமா, நிற்காதா என்பதைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி இருக்காது. ‘பத்திரம் பதிவாகிவிட்டது, இனிக் கவலை இல்லை’ என்று நிம்மதியாகத் தங்கும் விடுதிக்குத் திரும்பி வேலைக்குப் போகும் தம்பிமார்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான்கைந்து ஆண்டு மிகைநேர உழைப்பு அந்த ஒரு காகிதத்தில் போய் உட்காருகிறது.

கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாப் படிகளிலும் அடிப்படையாக இருப்பது ஒரே கேள்விதான்: இந்த இடம் இதற்கு முன் என்னவாக இருந்தது, யாரிடம் இருந்தது? வயலா, ஏரி உள்வாயா, வாய்க்காலா, கோவில் சொத்தா, ஆறு பேர் பங்காளிகளாக வைத்திருந்த புஞ்சையா? விற்பவர் காட்டும் வரைபடத்தில் இன்றைய நிலைமைதான் இருக்கும். வீட்டைப் பிற்காலத்தில் ஆட்டிப் பார்ப்பது நிலத்தின் நேற்றைய நிலைமை.

முன்பணம் கொடுப்பது கடைசிப் படி. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரமும், ஹோட்டல் அரங்குகளில் நடக்கும் மனை விற்பனைக் கண்காட்சியும் ‘இன்று பதிவு செய்தால் தள்ளுபடி’ என்றுதான் சொல்லும். அந்தத் தள்ளுபடியை இழப்பதால் யாரும் கெட்டுப்போவதில்லை. சோதிக்காமல் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்குவதற்குத்தான் ஊருக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும்.

முதலில்: உங்களால் அதை வாங்க முடியுமா?

வேலை அனுமதி, எஸ் பாஸ், வேலைவாய்ப்பு அனுமதி, நிரந்தரவாசம் என எதில் இருந்தாலும், இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு வேலைக்காகச் சிங்கப்பூரில் வசிப்பவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர். அவர் வீட்டு மனையும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தந்தை வழியில் வாரிசாக வருவது வேறு; அதற்குத் தடை இல்லை. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை வைத்திருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் இதே விதிதான். ஓசிஐ இல்லாத சிங்கப்பூர்க் குடிமகன், பூர்வீகம் தஞ்சாவூராகவே இருந்தாலும், ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் அங்கே மனை வாங்க இயலாது.

எனவே ‘நஞ்சை நிலம்தான், ஆனால் பின்னால் மனையாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மாற்ற வேண்டியது விற்பவரின் பொறுப்பு. மாற்றி, அனுமதி வாங்கி, அதன்பின் வரட்டும்.

அடுத்து: இருந்த இடத்திலிருந்தே பார்க்கக்கூடியவை

விற்பவரிடம் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், உட்பிரிவுடன் கூடிய புல எண் (சர்வே எண்). ‘ஹைவேஸ் பக்கம், புதுப் பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ என்பது முகவரி ஆகாது. புல எண்ணைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

புல எண் கிடைத்தால், தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் ஜூரோங்கில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, அது தனிப்பட்டாவா கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப்பட்டா என்றால், அதில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், அல்லது முறைப்படி பாகம் பிரித்து உட்பிரிவு செய்திருக்க வேண்டும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. டெல்டாப் பக்கம் இன்னும் ‘மா’ கணக்கில் பேசுவார்கள். 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். பேச்சில் ஒரு கணக்கும் பத்திரத்தில் வேறு கணக்கும் இருந்தால் குறையும் சதுர அடிகள் எப்போதும் வாங்குபவருடையவையாகத்தான் இருக்கும்.

பட்டாவை விட அ-பதிவேட்டை நான் அதிகம் நம்புவேன். அந்தப் புல எண்ணின் வகைப்பாடு அதில் இருக்கும்: ரயத்துவாரி (தனியார் பட்டா) நிலமா, அரசுப் புறம்போக்கா, நஞ்சையா, புஞ்சையா, நத்தமா என்று. ஏரி, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, மயானம், மேய்க்கால், களம் என்றெல்லாம் புறம்போக்கில் பல வகை உண்டு. உங்கள் மனையின் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள எண்களையும் அ-பதிவேட்டில் தேடுங்கள். பக்கத்து எண் ‘வாய்க்கால்’ என்றிருந்து, தரையில் வாய்க்காலே தெரியவில்லை என்றால், அதை யாரோ மூடியிருக்கிறார்கள் என்று பொருள். தண்ணீர் அந்த வழியை மறந்திருக்காது.

பட்டியல் சாதியினருக்காக ஆங்கிலேயர் காலத்தில் 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பூதான நிலம், கோவில் நிலம், வக்பு நிலம் ஆகிய நான்கும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சட்டச் சிக்கல் மட்டும் இதற்குக் காரணமில்லை. பஞ்சமி நிலம் ஒரு சமூகத்துக்கு நியாயமாகச் சேர வேண்டியது. அதன் மேல் நம் வீடு நிற்கக் கூடாது.

1980களில் நடந்த யூடிஆர் நில அளவைக்குப் பிறகு பல கிராமங்களில் புல எண்கள் மாறின. பழைய பத்திரத்தில் ஓர் எண்ணும் இன்றைய பட்டாவில் வேறு எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கான ஒப்பீட்டு விவரத்தை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் கேளுங்கள்.

பிறகு கூகுள் எர்த். கணினியில் திறந்தால் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்க முடியும். நவம்பர், டிசம்பர் மாதப் படங்களாகத் தேடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே பச்சை வயல் இருந்ததா, பளபளக்கும் நீர்ப்பரப்பு இருந்ததா, செங்கல் சூளைக்கு மண் வெட்டிய குழி இருந்ததா என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனைகளில் இதற்கு இணை இல்லை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

பத்திரங்களின் தொடர்ச்சி

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரங்கள் கணினியில் உள்ளன. அதற்கு முந்தையவற்றை அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். முப்பது ஆண்டுக்குக் குறையாமல் எடுங்கள். ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலிக் கண்ணிபோல முந்தையதில் கோர்த்திருக்க வேண்டும்: இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இவர் என்று. நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டால், அந்த இடத்தில் ஒரு மரணமோ, பதிவாகாத பாகப்பிரிவினையோ, ஒரு தகராறோ ஒளிந்திருக்கும்.

வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்கள் மட்டுமே வரும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும், கையெழுத்துப் போடாத வாரிசும் அதில் தெரியமாட்டார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த வாரிசு விஷயத்தில்தான். தந்தை இறந்தபின் இரண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்கிறார்கள்; அவர்களின் அக்கா கோலாலம்பூரிலோ உட்லண்ட்ஸிலோ இருக்கிறார். ‘அவருக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம்’ என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் கொண்டுவந்த திருத்தங்கள் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை தந்தன. இறந்தவரின் வாரிசுச் சான்றை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் வாங்காதீர்கள்.

விற்பவர் பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்க வேண்டும். அவர் இறந்த நொடியே அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. கொடுத்தவருடன் நீங்களே பேசுங்கள், முகம் பார்த்து.

மூலப் பத்திரங்களின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகல்தான் இருக்கிறது என்றால், அசல் ஏதாவது ஒரு வங்கியிலோ வட்டிக்கடையிலோ தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வழக்கறிஞர் உங்களுடையவராக இருக்க வேண்டும். மனை விற்கும் நிறுவனம் இலவசமாகத் தரும் சட்டக் கருத்துரையின் நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. இன்னொரு வழி, கடன் தேவைப்படாவிட்டாலும் ஒரு வங்கியில் மனைக்கடனுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பது. வங்கியின் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் பணத்துக்காகக் காகிதங்களைத் துருவிப் பார்ப்பார். அவர் ‘முடியாது’ என்றால் அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா?

அனுமதி தருவது சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏ (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அந்தச் சொல்லுக்கு மனைப்பிரிவைப் பொறுத்தவரை மதிப்பில்லை. ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அனுமதிக்கும் அதிகாரம் கிடையாது.

2016 அக்டோபர் 20-ஆம் தேதி முக்கியமானது. அதற்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படி வரன்முறை செய்யாத பழைய மனைகள் இன்னமும் கைமாறுகின்றன, பத்திரமும் பதிவாகிறது. ஆனால் அதில் வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கும்போது கதவு சாத்தப்படும். பதிவாகும் இடமெல்லாம் கட்டக்கூடிய இடம் அல்ல. மறுவிற்பனை மனை வாங்குபவர்கள் வரன்முறை ஆணையின் எண்ணைக் கேட்டு, வழங்கிய அலுவலகத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி பதிவு செய்த பிறகே விளம்பரமே செய்யலாம். பதிவு எண்ணை ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அனுமதிக்கப்பட்ட வரைபடம் கிடைக்கும். விற்பவர் கையில் இருக்கும் வண்ண வரைபடத்தோடு அதை ஒப்பிடுங்கள். பூங்காவுக்கும் சாலைக்கும் விட்ட இடங்கள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்க வேண்டும். பூங்கா இடம் சில ஆண்டுகள் கழித்து ‘மனை எண் 47அ’ ஆக முளைப்பது நடக்காத காரியம் அல்ல.

மழைக்காலத்தில் நேரில் போங்கள்

ஊருக்குப் போகும் விடுப்பைப் பொங்கலுக்கோ கோடைக்கோ வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டிலும் தரை காய்ந்து கிடக்கும். எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு உண்மையான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். சிங்கப்பூரின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நீள்கிறது. பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. தனியாக இருப்பவர்கள் அந்த மாதங்களில் நான்கு நாள் விடுப்புக் கேட்டு வாங்குங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை மனைக்குப் போய் நில்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

போய் என்ன பார்ப்பது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை முதலில் பாருங்கள். டெல்டாவில் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. வாய்க்கால் உடைந்தால் ஒரு நாள் தொல்லை. வடிகால் அடைபட்டால் மனைப்பிரிவு முழுவதும் வாரக்கணக்கில் குளமாகிவிடும். வயல்களுக்கு நடுவே ஒரு மனைப்பிரிவை மண் கொட்டி உயர்த்தியிருந்தால், அதன் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போகும். அந்த விவசாயி அடுத்த ஆண்டு வரப்பை உயர்த்துவார். அவர் செய்வது நியாயம்தான். பிறகு தண்ணீர் உங்கள் பக்கம் திரும்பும்.

மனையின் தரைமட்டத்தைச் சாலையோடு ஒப்பிடுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். சாலையை விடத் தாழ்வாக இருந்தால் மண் நிரப்ப வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனை 1,200 சதுர அடி. மூன்று அடி நிரப்ப 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண். இறுகியபின் இன்னும் கொஞ்சம் கேட்கும். அந்தப் பகுதியில் ஒரு யூனிட் மண் என்ன விலை என்று விசாரித்து, அதை மனை விலையோடு சேர்த்துத்தான் ‘மலிவா, இல்லையா’ என்று முடிவு செய்ய வேண்டும். சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்து வீடுகளின் சுவரில் தரையிலிருந்து மூன்று அடி வரை பாருங்கள். உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா? பழைய வெள்ளத்தின் கோடு தெரிகிறதா? காலி மனையில் சம்பும் கோரையும் அடர்ந்திருந்தால் அங்கே ஆண்டில் பல மாதம் ஈரம் தங்குகிறது. மண்ணின் மேல் வெள்ளையாக உவர் படிந்திருந்தால் அதுவும் ஒரு செய்தி.

ஆட்களிடம் கேட்கும்போது பொதுவாக ‘இங்கே தண்ணீர் வருமா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் வராதுங்க’ என்றுதான் பதில் வரும். குறிப்பான மழையைச் சொல்லிக் கேளுங்கள். சென்னை, கடலூர்ப் பக்கம் என்றால் 2015 டிசம்பர். டெல்டா என்றால் 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கொட்டிய மழை. தூத்துக்குடி, திருநெல்வேலி என்றால் 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ‘அப்போது இங்கே எவ்வளவு ஆழம் நின்றது, எத்தனை நாள் நின்றது, மின்சாரம் எப்போது வந்தது’ என்று கேட்டால் ஆட்கள் கையால் உயரம் காட்டிப் பேசத் தொடங்குவார்கள். ஆடு மேய்ப்பவர், பால் கறக்க வருபவர், அந்தத் தெருவில் நெடுநாள் வாழும் பாட்டி ஆகிய மூவரிடமும் கேளுங்கள். தரகருடன் காரில் போய் இறங்கினால் இவர்கள் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். தனியாகப் போங்கள்.

வர இயலாதவர்கள், வாட்ஸப் காணொளியை விற்பவரிடம் கேட்காமல் தமக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கேட்க வேண்டும். மனையை மட்டும் எடுக்காமல், பிரதான சாலையிலிருந்து நடந்தே மனைவரை வந்து, அங்கிருந்து தண்ணீர் வடியும் திசையில் இருநூறு அடி நடந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மண்ணும் கிணற்று நீரும்

விற்பவரின் அனுமதியோடு மனையில் ஐந்தாறு அடிக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். அடுக்கடுக்காக இயல்பாகப் படிந்த மண் வேறு. செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்து கொட்டிய மண் வேறு. கொட்டிய மண்ணின் மேல் அடித்தளம் போடக் கூடாது. அதைத் தாண்டி இயற்கைத் தரை வரும்வரை இறங்க வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணும் செம்புறைக் கல்லும் வீட்டைத் தாங்கும் நல்ல தரை. மன்னார்குடி, திருவாரூர்க் களிமண் ஈரத்தில் இளகும், கோடையில் சுருங்கும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, அரியலூர்ப் பகுதிகளின் கரிசல்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. மழையில் உப்பி வெயிலில் பாளமாக வெடிக்கும் அந்த மண், சாதாரண அடித்தளத்தில் நிற்கும் சுவரையும் வெடிக்க வைத்துவிடும். கரிசலில் வீடே கட்ட முடியாது என்று சொல்லவில்லை. ஆண்டுதோறும் அசையும் மேல்மண்ணைத் தாண்டி ஆழத்தில் ஊன்றி, அடியில் குமிழாக அகன்ற துளைத்தூண்களின் மேல் கட்டுகிறார்கள். அந்தச் செலவு தெரிந்துதான் மனை விலை பேச வேண்டும்.

கைச்சோதனை ஒன்று: ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். உடையாமல் நூல் போல நீண்டால் களி அதிகம். உருண்டையே பிடிக்க வராவிட்டால் மணல். இதெல்லாம் முதல் பார்வைக்குத்தான். மாடி வீடு கட்டும் எண்ணம் இருந்தால் முறையான மண் பரிசோதனை அவசியம். 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பொறியாளர் கணக்கிடுகிறார். வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் தொகை மிகச் சிறியது.

தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தியத் தரநிலை 2,000 வரை ஏற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் வாங்குபவர்கள் புளோரைடையும் பார்க்க வேண்டும். அது 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் பிள்ளைகளின் பற்களில் தெரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம், இராமநாதபுரம் கடலோரத்தில் உப்பு. உப்பு நீர் குடிக்க மட்டுமின்றிக் கட்டவும் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கூரையைப் பிளந்துவிடும். கட்டும் காலம் முழுவதும் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வாஸ்து பார்ப்பவர்கள் பார்க்கலாம். நீர், மண், பத்திரம் மூன்றும் தேறிய பிறகு வாஸ்து நிபுணரை அழைத்துப் போங்கள்.

சுற்றுப்புறத்தில் கவனிக்க வேண்டியவை

மனைக்குப் போகும் வழி அரசுப் பாதையா, தனியார் பட்டா நிலமா என்று புலப்படத்தில் பாருங்கள். இன்று நடக்கவிடுகிறார்கள் என்பது உரிமை ஆகாது. பத்திரத்தில் வழி உரிமை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கீழேயும் பாருங்கள்: டெல்டாவில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் நிலத்தடியில் ஓடுகின்றன, வழித்தடத்தைக் காட்டும் குறிக்கற்கள் ஆங்காங்கே நிற்கும். குழாய் போகும் பட்டையின் மேல் கட்டடம் கட்டவோ கிணறு தோண்டவோ சட்டம் இடம் தராது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டருக்கு, அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை, தனி அனுமதி வேண்டும். தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், நார்த்தாமலை, கொடும்பாளூர்ப் பக்கம் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் அளக்க வேண்டும். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும்.

கடைசியாக அரசு நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்து கல் நட்டுக் காட்டச் சொல்லுங்கள். பத்திரத்தின் அளவும் தரையின் அளவும் ஒத்துப்போன பிறகுதான் பணப்பேச்சு.

யார் பெயரில், எந்த வழியில் பணம்?

அண்ணனுக்கோ தம்பிக்கோ பணம் அனுப்பி அவர் பெயரில் வாங்கச் சொல்வது இங்கே சர்வசாதாரணம். பாசத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லாமல் உங்கள் பணத்தில் உடன்பிறந்தவர் பெயரில் வாங்கிய சொத்து, பினாமிச் சட்டத்தின் பிடிக்குள் வரக்கூடியது. நாளைக்கு ‘அது என்னுடையது’ என்று நீதிமன்றத்தில் கேட்கவும் முடியாமல் போகும். உடன்பிறந்தவரோடு சேர்ந்து வாங்குவதென்றால் கூட்டு உரிமையாளராக உங்கள் பெயரும் பத்திரத்தில் ஏறட்டும்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்: சிங்கப்பூரிலிருந்து நேரடியாகவோ, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்தோ. ‘அரசின் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி கையில்’ என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். நிலத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பின்னாளில் மனையை விற்றுப் பணத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டுமானால் வங்கிப் பதிவுதான் சாட்சி. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று 9 விழுக்காட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு நீங்களே போக முடியாவிட்டால் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று பெறலாம். ‘என் சார்பில் எந்தச் சொத்தையும் வாங்க, விற்க’ என்று பொதுவாக எழுதாமல், புல எண்ணையும் மனை எண்ணையும் குறிப்பிட்டு, அந்த ஒரு மனையை வாங்குவதற்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். அந்தப் பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தவறினால் சிக்கல்தான்.

பதிவு முடிந்த கையோடு பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற மனுச் செய்யுங்கள். எல்லைக் கற்களை ஒட்டிக் கம்பிவேலி போட்டு, காலி மனை வரியை உங்கள் பெயரில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டத் தொடங்கும்வரை ஆண்டுக்கு ஒரு முறை வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதாவது அதில் இருந்தால் அன்றைக்கே வழக்கறிஞரை அழையுங்கள்.